பதிமூன்று கண் பாலம்

புனலூர் கண் ஆஸ்பத்திரியில்
டாக்டரம்மா பேசியதில்
ஒரு சொல்தான் எனக்கு உடனே பிடிபட்டது:
தலச்சோறு.
மூளைக்கு அங்கே அதுதான் பெயர்.

கண்ணில் பழுதில்லை என்றார்.
வலது கண் தெளிவாய்க் கொண்டுவந்து கொட்டுகிறது.
இடது கண் எதையோ மங்கலாய் நீட்டுகிறது.
மங்கலை வாங்கி வாங்கிச் சலித்த தலச்சோறு
அந்தப் பக்கத்து வாசலையே
மறந்துகொண்டு வருகிறதாம்.
கோமுவுக்கு ஐந்து முடிந்து இரண்டு மாசம்.
"ஏழு எட்டு வயசு வரெ நேரம் உண்டு.
பின்னெ பாடாணு."

சோறென்றால் எனக்குத் தெரியும்.
பதம் வரும்வரை அடுப்பருகே நிற்க வேண்டும்.
பதம் தாண்டிய பிறகு
தண்ணீர் ஊற்றி என்ன,
விறகை இழுத்து என்ன.

குடும்பத்தில் வரும் குறை,
அச்சனும் ஒன்று இருந்து காட்டட்டும் என்றார்.
என் வலது கண்ணைப் பொத்தினார்கள்.
எழுத்துகள் இருந்த இடத்தில்
ஈரச் சுவரில் பாசி மாதிரி ஏதோ.

முப்பத்தாறு வருஷம்
ஒற்றைக் கண்ணில் ஓடியிருக்கிறேன்.
லைசென்ஸ் எடுத்த அன்று என் கண்ணைப் பார்த்தது
ஒரு ரப்பர் ஸ்டாம்பு மட்டும்.
புளியரை எஸ் வளைவில் பதினோரு வருஷம்,
சுரண்டைத் தக்காளியும் முருங்கையும் ஏற்றி,
மழையில், நடுராத்திரியில்.
எதிர்வண்டி பெரிசானால் பக்கம்,
சிறிசானால் தூரம்.
எல்லோருக்கும் அப்படித்தான் என்றிருந்தேன்.
மலைக்குப் பின்னால் மலை விலகி நிற்குமாம்.
எனக்கு அது எப்போதும்
காலண்டரில் ஒட்டிய மலை.

"அப்ப எனக்கு?" என்றேன்.
சீட்டு எழுதும் கையை நிறுத்தாமல்
"மோளுடெ காரியம் நோக்காம்" என்றார்.

நல்ல கண்ணைத்தான் மூட வேண்டும்,
நாளைக்கு நாலு மணி நேரம்.
"நல்லாப் பாக்குற கண்ணையா மூடுவாவ?"
பீடி இலை வெட்டிக்கொண்டே செண்பகம் கேட்டாள்.
"ஓடுற மாட்டைக் கட்டிப்போட்டு
நொண்டி மாட்டை ஏர்ல பூட்டுத மாதிரில்லா இருக்கு."

முதல் வாரம் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள்.
சாப்பிடக் கையை நீட்டினால்
தட்டுக்கு வெளியே போனது கை.
பள்ளிக்கூடத்தில் ஒத்தக்கண்ணி.

சனிக்கிழமைகளில் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன்.
வளைவுகளில் இப்போதெல்லாம்
இரண்டாவது கியருக்கு மேல் போவதில்லை.
கழுதுருட்டியில் ஓரங்கட்டி
சன்னலை இறக்குவேன்.
எதிரே ரயில் பாலம்,
பதிமூன்று கண்ணும் திறந்தபடி.

"எத்தனை கண்ணுட்டி?"
"பாலமே இல்லப்பா. கறுப்பாச் சுவரு."

ஆடி முழுக்கச் சுவர்தான்.
ஓணச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய நாளில்
"ஓட்டை இருக்கு" என்றாள்.
எத்தனை?
"நெறைய."
ஒரு வாரம் சட்டென்று பதிமூன்று.
திரும்பிப் பார்த்தால்
பிளாஸ்திரியின் ஓரம் தூக்கியிருந்தது.
வெளுக்க வேண்டிய நான்
சிரித்துத் தொலைத்தேன்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை
விரலை மடக்கி மடக்கி ஏழு வரை வந்தாள்.
அன்று ஆரியங்காவு ஓட்டலில்
சிவப்பரிசிச் சோறு, பருமன் பருமனாய்.
வேக நேரமாகும் இந்த அரிசி,
வெந்துவிடும்.
இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

போன சனிக்கிழமை பதினொன்று.

அவள் எண்ணும்போது நானும்
வலது கண்ணைப் பொத்திக்கொள்கிறேன்.
தெரிந்துதான் பொத்துகிறேன்.
சுவர்.
போன வாரமும் சுவர்.
"எப்பா, ஒனக்கு எத்தனை?"

நல்லவேளை, ரயில் வந்தது.
கோமு பெட்டிகளுக்குத் தாவிவிட்டாள்,
ஒண்ணு, ரெண்டு, மூணு என்று.
கையை எடுக்காமல்
சத்தத்தை வைத்து
நானும் எண்ணினேன்.